நான்கு தேதிகளும் ஜீப்பில் ஓர் இடமும்

கேள்வி:

என் அம்மாவுக்கு 56 வயது. தேனி மாவட்டம் கூடலூரில் என் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, விடிந்தும் விடியாமலும் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகக் கேரளப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருகிறார். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். கடந்த ஓராண்டில் நான்கு முறை அவருக்காக மருத்துவமனைகளில் நாள் வாங்கிக் கொடுத்தேன். நான்கு முறையும் போகவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ‘மறந்துட்டேன்’ என்றார். அக்டோபரில் தேனியில் வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை. கம்பம் பேருந்து நிலையம் வரை போனவர் தலை சுற்றுகிறது என்று திரும்பிவிட்டார். ஜனவரியில் மறுபரிசோதனை, ‘அந்த டாக்டர் சரியில்ல, போன தடவையே எல்லார் முன்னாடியும் கத்துனாரு’ என்றார். மார்ச்சில் கண் பரிசோதனை. ‘எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது’ என்றார். மருத்துவமனையிலிருந்து என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்ததும் ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்லத்தான் செய்தேன். கோபத்தில், ‘இனிமேல் உனக்கு என்ன ஆனாலும் என்னைக் கூப்பிடாதே’ என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரமாகப் பேச்சு இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, கடைத்தெருவுக்குப் போய் வந்தவர், ஒரு கால் செருப்பு வழியில் கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீடு வரை நடந்து வந்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். தன் உடம்பின் மேல் அவருக்கு இருக்கும் அக்கறை அவ்வளவுதான். இந்த அலட்சியத்தை எப்படி மாற்றுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஒரு மகளின் கோபமாகத்தான் படித்தேன். இரண்டாம் முறை, தினசரிக் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் குறிப்பிட்டிருக்கும் நாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கம்பம் பள்ளத்தாக்கின் அரசு மருத்துவமனைகளில் 24 ஆண்டுகள் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்து ஓய்வுபெற்றவள் நான். ஒருவர் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கான விடை, அவருடைய குணத்தில் கிடைத்ததைவிட, அவர் வராமல் போன அந்த நாளின் நடப்பில் கிடைத்ததுதான் மிகுதி. உங்கள் அம்மா போகாத நான்கு நாள்களுக்கும் நான்கு தனித்தனிக் காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. எல்லாவற்றையும் அலட்சியம் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டதால் அவை உங்கள் கண்ணில் படவில்லை.

அப்படி மூட்டை கட்டிய குற்றம் எனக்கும் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில், குறித்த நாளில் வராதவரின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ‘டீஃபால்டர்’ என்று எழுதி வைப்போம். காசநோய்ப் பிரிவிலிருந்து எங்களுக்கு வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. கடன் வாங்கித் திருப்பிக் கட்டாதவரை வங்கியில் சொல்லும் அதே சொல். உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டில் காசநோய்க்கான வரையறைகளைத் திருத்தியபோது, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, தொடர்பு விடுபட்டுப்போனவர் என்று பொருள்படும் சொல்லை வைத்தது. தொடர்பு விடுபட்டது என்றால் கயிற்றின் இரண்டு முனைகளையும் பார்த்தாக வேண்டும். மருத்துவமனையும் ஒரு முனையில் நிற்கிறது. அதே நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை ஒன்று, வசதி படைத்த நாடுகளிலேயே நீண்ட நாள் நோய்களுக்கான சிகிச்சையைச் சொன்னபடி தொடர்பவர்கள் சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று சொல்கிறது. வாசலில் கார் நிற்கும் ஊர்களிலேயே நிலைமை அதுவென்றால், ஜீப்பின் பின்பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறும் பெண்களிடம் நாம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

முதலில் அந்த ஆகஸ்ட் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். ஆவணி மாதம் என்றால் ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பு சூடு பிடித்திருக்கும் காலம். அந்த மாதங்களில் ஒரு நாள் வேலைக்கு நிற்பது என்பது அன்றைய கூலியோடு முடிகிற கணக்கு இல்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஜீப்பில் இத்தனை பேர் என்று தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகிறவர், ஒருவர் வராவிட்டால் இன்னொருவரை ஏற்றிக்கொள்வார். ஏறியவர் நன்றாகக் காய் எடுத்தால் மறுநாளும் அவரே வருவார். என்னிடம் வந்துகொண்டிருந்த ஓர் அம்மா இதை ஒரே வரியில் சொன்னார்: ‘ஒரு நா நின்னா கூலி போகும் டாக்டரம்மா, ரெண்டு நா நின்னா எடமே போயிரும்.’ கேரளத்தில் ஹர்த்தால், அதாவது முழு அடைப்பு, என்று அறிவிப்பு வந்தால், ஜீப்புகள் மலையேறாத அந்த நாளில், எங்கள் வெளிநோயாளர் வரிசை வழக்கத்தைவிட நீண்டுவிடும். மாதக்கணக்கில் முகம் காட்டாதவர்களெல்லாம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர்களுக்கு நோயைப் பற்றிய அக்கறை திடீரென்று அன்று காலையில் பிறந்திருக்க முடியாது.

அப்படியிருக்க, உங்கள் அம்மா ஏன் ‘மறந்துட்டேன்’ என்று சொன்னார்? என் அனுபவத்தில், மறந்துவிட்டேன் என்பது பெரும்பாலும் ஒரு மரியாதைச் சொல். ‘நீ மெனக்கெட்டு வாங்கிக் கொடுத்த நாளைவிட எனக்கு அந்த நாள் கூலி பெரிதாக இருந்தது’ என்று, திருப்பூரிலிருந்து பணம் அனுப்பும் மகளிடம் எந்தத் தாயால் சொல்ல முடியும்?

அக்டோபர் மாத நிகழ்ச்சி என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்தது. சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது ஆபத்தாக முடிந்திருக்கலாம். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்றால், முந்தைய இரவு உணவுக்குப் பிறகு எட்டு முதல் பத்து மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். இதை எல்லோரும் சொல்லிவிடுகிறோம். ‘அன்று காலை சர்க்கரை மாத்திரையையும் போடாதீர்கள், இரத்தம் கொடுத்து, சாப்பிட உட்காரும்போது போட்டுக்கொள்ளுங்கள்’ என்ற அடுத்த வாக்கியத்தை அவசரத்தில் விட்டுவிடுகிறோம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள், வயிற்றில் உணவு இருக்கிறதோ இல்லையோ, கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பவை. மருத்துவமனைக்குத்தானே போகிறோம், ஒழுங்காக இருப்போம் என்று காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் பேருந்துக்கு நிற்கும் ஒருவருக்கு வியர்வையும் படபடப்பும் தலைசுற்றலும் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தாழ்சர்க்கரையை, அதாவது இரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிப்போவதைத்தான். உங்கள் அம்மா அன்று மாத்திரை போட்டாரா என்று கேளுங்கள். போட்டிருந்தால், கம்பத்திலேயே திரும்பியதுதான் அன்றைக்கு அவர் செய்த நல்ல காரியம். கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று நின்று நின்று தேனி போய்ச் சேருவதற்குள் பேருந்திலேயே மயங்கியிருக்கலாம். இனி எங்கே போனாலும் முந்தானையில் கொஞ்சம் சர்க்கரையோ நாலு மிட்டாயோ முடிந்துகொள்ளச் சொல்லுங்கள். தலை சுற்றினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் உட்கார வேண்டும். பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும்.

வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. முதல் இரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து இரண்டாவது இரத்தம் கொடுத்து, அதன் முடிவு வரும்வரை இருந்தால் பகல் போய்விடும். முடிவை மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னால் இரண்டு கூலி போகும். இதற்கு மாற்று இருக்கிறது. எச்பிஏ1சி என்ற பரிசோதனை, ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும். அதற்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. எந்த நேரத்திலும் இரத்தம் கொடுக்கலாம். வேலை முடிந்து வந்து மாலையில், அருகில் உள்ள ஆய்வகத்தில்கூடக் கொடுத்துவிட்டு வரலாம். சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு இந்த ஒன்று போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல நேரங்களில் போதும் என்பார்.

ஆண் மருத்துவர்களுக்குத் தோன்றாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை கூடியிருக்கும் பெண்ணுக்கு அடிக்கடி சிறுநீர் வரும். ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம், வரிசை, திரும்பும் பயணம் என்று நினைக்கும்போதே, வழியில் எங்கே ஒதுங்குவது என்ற கவலை அவருக்கு வந்துவிடும். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வந்து, இரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காமல் குத்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தக் காரணத்தை எந்தப் பெண்ணும் மகனிடம் சொல்ல மாட்டார்; மகளிடம் சொல்லக்கூடும், கேட்டால்.

ஜனவரி. ‘எல்லார் முன்னாடியும் கத்துனாரு.’ இந்த வரியைப் படித்தபோது எனக்கு என் பழைய நோயாளி ஒருவர் நினைவுக்கு வந்தார். மாத்திரைகளைச் சரியாகப் போடவில்லை என்று, வரிசையில் நிற்பவர்கள் கேட்கும்படி, அவரை நான் சத்தம் போட்டிருந்தேன். அடுத்த இரண்டு தேதிகளுக்கு அவர் வரவில்லை. மூன்றாவது முறை வந்தபோது, மஞ்சப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கினார். எல்லாம் காலி. எனக்கு மகிழ்ச்சி. ஆனால் சர்க்கரை அளவு இறங்கவே இல்லை. ஆகவே மருந்து போதவில்லை என்று முடிவு செய்து அளவைக் கூட்டி எழுதினேன். பத்து நாளில், நினைவு தப்பிய நிலையில் அவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார். அவருடைய மருமகள்தான் பிறகு சொன்னார்: முந்தைய இரவு உட்கார்ந்து, போடாமல் விட்ட மாத்திரைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிதுக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டு, காலி அட்டைகளோடு என்னிடம் வந்திருக்கிறார். நான் கூட்டி எழுதியதும் பயந்துபோய், அன்றிலிருந்து ஒன்று விடாமல் போட்டிருக்கிறார். அந்த அட்டைகளைக் காலி செய்தது என் தொண்டை.

திட்டு வாங்கியவர் அடுத்த தேதிக்கு வருவது கடினம். ஒரு தேதியைத் தவறவிட்டவர் அதற்கடுத்த தேதிக்கு வருவது அதைவிடக் கடினம், ஏனென்றால் இப்போது அவர் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். இப்படியே நாள் கூடக்கூட வெட்கம் வட்டியைப் போல ஏறிக்கொண்டு போகும். ஆகவே உங்கள் அம்மாவுக்கு இரண்டு செய்திகளை நீங்கள் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் தேதி தவறினால் கதவு மூடிவிடாது. மறுநாளோ மறுவாரமோ வெளிநோயாளர் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். இரண்டாவது, மாத்திரையை எத்தனை நாள் போடவில்லை என்பதை உள்ளபடி சொல்வது தன்னைத் தாழ்த்திக்கொள்வது ஆகாது, தன்னைக் காத்துக்கொள்வது. ‘வாரத்துல மூணு நாள்தான் போட முடிஞ்சுது’ என்று ஒருவர் சொன்னால், நல்ல மருத்துவர் அளவைக் கூட்ட மாட்டார், ஏன் முடியவில்லை என்று கேட்பார். அந்த மருத்துவர் கேட்க மாட்டார் என்று உங்கள் அம்மா முடிவு செய்திருந்தால், வேறு மருத்துவரிடம் போவதில் தவறே இல்லை.

மார்ச் மாதக் கண் பரிசோதனை வேறு வகை. ‘கண்ணு நல்லாத்தான் தெரியுது’ என்று உங்கள் அம்மா சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்படும்போது, வெகுகாலம் வரை பார்வையில் எந்தக் குறையும் தெரியாது. தெரிய ஆரம்பிக்கும்போது பாதிப்பு முற்றியிருக்கும். அதனால்தான் நன்றாகத் தெரியும்போதே ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறோம். இதை அவருக்கு யாராவது இந்த வார்த்தைகளில் சொன்னார்களா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் கண் பரிசோதனைக்குப் போகாததற்கு இன்னும் எளிய காரணம் ஒன்று இருக்கக்கூடும். கண்ணின் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் நாலு முதல் ஆறு மணி நேரம் வரை பார்வை மங்கலாகவே இருக்கும், வெயிலில் கண் கூசும், பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்க முடியாது. ‘கூட ஆள் கூட்டிட்டு வாங்க’ என்று சொல்லியிருப்பார்கள். உங்கள் தம்பிக்கு வேலை, தம்பி மனைவிக்கும் வேலை, நீங்கள் திருப்பூரில். யாரைக் கூட்டிக்கொண்டு போவார்? ‘எனக்கு ஆள் இல்லை’ என்று சொல்வதைவிட ‘எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது’ என்று சொல்வது கௌரவமாக இருக்கிறது.

இந்த இடத்தில் நம் பக்கத்து அனுபவம் ஒன்று உண்டு. மதுரையில் 1976ஆம் ஆண்டு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், அறுவை சிகிச்சை இலவசம் என்று அறிவித்தால் மட்டும் கிராமத்து மக்கள் வந்துவிடவில்லை. போக வர ஆகும் செலவும், சாப்பாடும், துணையும் அவர்களைத் தடுத்தன. அதன் பிறகுதான் முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, சிகிச்சை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விடும் முறை நிலைபெற்றது. அதன் கிளை தேனியிலும் இருக்கிறது. பெரிய மருத்துவமனைக்குப் போக முடியாதவர்களுக்காகச் சிற்றூர்களில் பார்வை மையங்களும் நடத்துகிறார்கள். சொட்டு மருந்து விடாமலே விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராக்கள் இப்போது பல இடங்களில் வந்துவிட்டன. முதல் சோதனைக்கு அது கிடைக்கும் இடமாக விசாரித்துக்கொண்டால், துணை தேவைப்படாமலே முதல் படியைக் கடந்துவிடலாம். அதில் கோளாறு தெரிந்தால் மட்டும் நீங்கள் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இனி அந்தக் குறுஞ்செய்தி. கைப்பேசி நினைவூட்டல் அனுப்பினால் நோயாளிகள் வருவது கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2013ஆம் ஆண்டில் உறுதி செய்தது. மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செய்தி நோயாளியின் கைக்குப் போக வேண்டும். உங்கள் அம்மாவின் தேதி, ஆங்கிலத்தில், 200 கிலோமீட்டர் அளவுக்கு அப்பால் ஒரு பனியன் ஊரில் இருக்கும் மகளின் கைப்பேசியில் வந்து விழுகிறது. அங்கிருந்து அது ஒரு கட்டளையாக மாறி, இரவு எட்டு மணிக்கு, களைத்துப் படுக்கப் போகிறவரின் காதில் விழுகிறது. நாளைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், செய்தி வருவது உங்களுக்கு, தவறினால் கோபப்படுவதும் நீங்கள். இதில் உங்கள் அம்மாவின் பங்கு எங்கே இருக்கிறது? நான்கு தேதிகளில் ஒன்றுகூட அவருடைய தேதியாக இருக்கவில்லை. என் கருத்தில் கோளாறின் வேர் இதுதான்.

எல்லைப்புறத்துக்கே உரிய சிக்கல் ஒன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். வேலை ஒரு மாநிலத்தில், வீடு ஒரு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு மருத்துவமும் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், ஆனால் தன்னார்வலர் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டும்போது உங்கள் அம்மா வண்டன்மேட்டுப் பக்கம் ஏதோ ஓர் ஏலச்செடியின் அடியில் குனிந்து உட்கார்ந்திருப்பார். தோட்டத்தில் காய்ச்சலோ உடம்பு வலியோ வந்தால், அங்கேயே குமுளியிலோ அணக்கரையிலோ ஒரு மருத்துவரைப் பார்த்து ஊசி போட்டுக்கொண்டு வருவார். அந்தச் சீட்டு ஒரு பையில் கிடக்கும், நம் பக்கத்து நோட்டு இன்னொரு பையில் கிடக்கும். ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் இரண்டு பக்கமும் வாங்கி, இரண்டையும் விழுங்கிய நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கத்துச் சீட்டுகளும் ஒரே பையில் இருக்கட்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தப் பை அப்படியே போகட்டும். தன்னார்வலரிடம் பேசி, மாலையில் வரவோ, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகவோ ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். என் காலத்தில் கேட்டவர்களுக்குச் செய்து கொடுத்தோம்; கேட்டவர்கள்தான் குறைவு.

செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதலில் அம்மாவைக் கூப்பிடுங்கள். மருத்துவமனையைப் பற்றிய பேச்சோடு தொடங்காதீர்கள்; பேச்சு அங்கே வரும்போது, ‘ஏன் போகல?’ என்று கேட்காமல், ‘அன்னைக்குக் காலையில என்னம்மா நடந்துச்சு?’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதிலாக ஒரு சாக்கு வரும். இரண்டாவது கேள்விக்கு ஒரு கதை வரும். கதையின் நடுவில் குறுக்கிடாமல் கேட்டால், நான் மேலே ஊகித்து எழுதியவற்றில் எவை சரி, எவை தவறு என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த நாளை அவரே சொல்லட்டும். எந்தக் கிழமை ஜீப்பில் சொல்லிவிட்டு நிற்க முடியும், காய் எடுப்பு எப்போது தணியும், எந்த மாதத்தில் கூலி குறைவு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மருத்துவமனையின் கணினிக்குத் தெரியாது. வீரபாண்டித் திருவிழா வாரத்திலோ, சித்ரா பௌர்ணமிக்குக் கண்ணகி கோயிலுக்கு மலையேறும் நாளிலோ தேதி வாங்கிவிட்டு அவரைக் குறை சொல்லாதீர்கள். நாள் முடிவானதும் அதைத் தமிழில், கிழமையோடு, பெரிய எழுத்தில் எழுதி, அவர் கையாலேயே காலண்டர் அட்டையில் சொருகி வைக்கச் சொல்லுங்கள். ‘பதினைந்து நாள் கழித்து வரவும்’ என்று எங்கள் சீட்டில் கிறுக்கித் தருவதை நம்பாதீர்கள். பதினைந்து நாள் கழித்து என்பது எந்தக் கிழமை என்று மருத்துவருக்கே தெரியாது.

அதே ஜீப்பில் போகும் பெண்களில் சர்க்கரைக்கு மாத்திரை போடும் இன்னொருவர் கட்டாயம் இருப்பார். இருவரும் ஒரே நாளில் போகட்டும். துணைக்குத் துணையும் ஆயிற்று, ஒதுங்கும்போது பையைப் பார்த்துக்கொள்ள ஆளும் ஆயிற்று. எனக்குத் தெரிந்து, மகன், மகள், குறுஞ்செய்தி எல்லாவற்றையும்விட இந்த ஏற்பாடுதான் அதிக நாள் நீடித்திருக்கிறது. முந்தைய நாள் மாலையில் நீங்கள் கூப்பிடலாம், ‘நாளைக்குப் போயிருவேல்ல?’ என்று மிரட்டுவதற்காக அல்லாமல், ‘எத்தனை மணி பஸ்ஸுக்குப் போறீங்க, ரெண்டு பேரும் எங்க சாப்பிடுவீங்க?’ என்று கேட்பதற்காக. அந்த ஒரு நாள் கூலியை நீங்கள் அனுப்பிவைத்தால் அது கெளரவக் குறைவு என்று எண்ண வேண்டாம்; மருந்துச் செலவு என்று நினைத்து அனுப்புங்கள், அவரும் அப்படியே வாங்கிக்கொள்வார்.

இத்தனை செய்தும் தேதிகள் தவறிக்கொண்டே போனால், வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். காது மந்தமாகியிருந்தால், வெளிநோயாளர் பகுதியில் பெயரைக் கூப்பிடுவது கேட்காமல் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வருகிறது. எதிலும் நாட்டம் இல்லை, தூக்கம் இல்லை, ‘இருந்து என்ன செய்யப்போறேன்’ என்ற பேச்சு இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுப்பில் பால் வைத்ததை, பணம் வைத்த இடத்தை மறப்பதும் சேர்ந்திருந்தால், ‘மறந்துட்டேன்’ என்பதை மரியாதைச் சொல்லாக எடுத்துக்கொண்ட என் கணிப்பைத் தள்ளிவிட்டு, நினைவாற்றலைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் எல்லோரும் சிரித்த அந்தச் செருப்பு. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். ஒன்பது ஆண்டுகள் சர்க்கரை உள்ள ஒருவர், செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தார் என்றால், பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் மரத்துப்போகத் தொடங்கியிருக்க வாய்ப்பு மிகுதி. அக்கறை இல்லாததால் நேர்ந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவருக்குத் தெரியவே இல்லை என்பதுதான் நடந்தது. இந்தக் கால்களோடு அவர் ஈரத் தோட்டத்தில், அட்டைக்கடியோடும் சிராய்ப்போடும் நாள் முழுக்க நிற்கிறார். முள் ஏறினாலும் தெரியாது, கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. ஆறாத புண்ணாகிக் கால் விரலை எடுக்கும் நிலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர், புண் எப்போது வந்தது என்பதே தெரியவில்லை என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். இன்று மாலை தம்பி வீட்டுக்குப் பேசி, அம்மா ஜீப்பிலிருந்து இறங்கி வந்ததும் கால்களைச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, வெளிச்சத்தில் உட்கார வைத்து, இரண்டு உள்ளங்கால்களையும் யாராவது பார்க்கட்டும். வெந்நீரில் கால் வைக்க வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துவிடும். இனித் தினமும் இது நடக்கட்டும். பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் விட்டுவிடுங்கள், கண் கூர்மையாக இருக்கும். பின்பக்கம் வார் உள்ள செருப்பாக ஒன்று வாங்கி அனுப்புங்கள். வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை, வெறும் வயிறும் வேண்டாம், துணையும் வேண்டாம். புண்ணோ, நிறமாற்றமோ, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பதோ கண்ணில் பட்டால், அன்றைய ஜீப்பை விட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கு யாரும் தேதி வாங்கித் தர வேண்டியதில்லை.